எலும்பு கூடும் வரை

நேயர்களுக்கு வணக்கம்.

இதய அறுவை சிகிச்சை என்றதும் நம் நினைவுக்கு வருவது அறுவை அரங்கும் அதற்குள் நடக்கும் வேலையும்தான். நான் மருத்துவன் அல்லன். மூன்று ஆண்டுகளுக்கு முன் பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, மனைவி, மகள், நெடுநாள் நண்பர் ஒருவர் என மூவருடைய துணையால் எழுந்து நடமாடத் தொடங்கியவன். ஆகவே அரங்குக்குள் கழிந்த சில மணி நேரத்தை விட்டுவிட்டு, அதற்குப் பிறகு கழிந்த பன்னிரண்டு வாரங்களைப் பற்றிப் பேச விரும்புகிறேன். உதவி செய்ய மனம் இருந்தால் போதும் என்றுதான் நாங்கள் எல்லோரும் முதலில் நினைத்தோம். எப்போது கை கொடுப்பது, எப்போது கையை எடுத்துக்கொள்வது என்பதைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும் என்பது எங்களில் ஒருவருக்கும் அப்போது தெரியாது.

இந்த அறுவை சிகிச்சையில் பெரும்பாலும் மார்பெலும்பை மேலிருந்து கீழாக நெடுக அறுத்துத் திறக்கிறார்கள். வேலை முடிந்ததும் இரு பாதிகளையும் சேர்த்து எஃகுக் கம்பிகளால் இறுக்கிக் கட்டுகிறார்கள். கால் எலும்பு முறிந்தால் மாவுக்கட்டுப் போட்டு அதை அசையாமல் வைக்க முடியும். மார்பெலும்போ ஒவ்வொரு மூச்சுக்கும் அசைந்துகொண்டே கூட வேண்டியிருக்கிறது. ஓரளவு கூடுவதற்கு 6 முதல் 8 வாரங்களும், முழு வலுவைப் பெற ஏறத்தாழ 12 வாரங்களும் ஆகும் என்பதால்தான், ஐந்து கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக்கூடாது, கதவைத் தள்ளக்கூடாது, மருத்துவர் சொல்லும் வரை வண்டி ஓட்டக்கூடாது என்றெல்லாம் கட்டுப்பாடு விதிக்கிறார்கள்.

இதில் வீட்டாருக்குத் தெரிந்திருக்க வேண்டிய நுட்பம் ஒன்று இருக்கிறது. படுத்திருப்பவர் எழத் தவிக்கும்போது அவர் கையைப் பிடித்து இழுப்பதும் அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதும் யாருக்கும் இயல்பாக வரும் செயல்கள்; என் மனைவியும் முதலில் அதைத்தான் செய்யப் போனார். உடனிருந்த இயன்முறை மருத்துவர் அவரைத் தடுத்து, நோயாளியை முதலில் ஒருக்களிக்கச் செய்து, முழங்காலை மடக்கி, இரண்டு கால்களையும் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டு, அந்தக் கனம் கீழே இழுக்கும்போதே முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையை வைத்துத் தாங்கினால், மார்பெலும்பில் இழுவை விழாமல் அவரே எழுந்துவிடுவார் என்று செய்து காட்டினார். தூக்காமல் தாங்க வேண்டும் என்ற அந்தப் பாடம் படுக்கையோடு முடிந்துவிடவில்லை. அடுத்து வந்த வாரங்கள் முழுவதும் எங்களுக்கு அது தேவைப்பட்டது.

இருமலும் அப்படித்தான். மயக்க மருந்தாலும் செயற்கைச் சுவாசத்தாலும் நுரையீரலின் அடிப்பகுதி சரியாக விரியாமல் கபம் தேங்குகிறது. அதை இருமி வெளியேற்றாவிட்டால் நிமோனியா வரக்கூடும். தலையணை ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு இருமினால் வலி தாங்கக்கூடியதாக இருக்கும். மூன்று சிறு பந்துகள் உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியை மணிக்கு ஒருமுறை என் கையில் கொடுத்து, நான் மூச்சை உள்ளிழுக்கும்போது பந்துகள் எவ்வளவு நேரம் மேலே நிற்கின்றன என்று எண்ணுவதை மகள் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டாள். வலி மாத்திரையை மறுப்பதைப் பலர் மன உறுதி என்று எண்ணுகிறார்கள். நானும் அப்படி எண்ணியவனே. வலி இருப்பவர் ஆழ்ந்து மூச்சிழுக்க மாட்டார், நடக்க மாட்டார், உறங்கவும் மாட்டார் என்பதால், அந்த மாத்திரையை நேரத்துக்கு உட்கொள்வதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டாம் இரவு, சுவரில் யாரோ நடமாடுவதாகவும் செவிலியர்கள் எனக்குத் தீங்கு செய்யப் போவதாகவும் நான் உறுதியாக நம்பினேன். மறுநாள் மனைவியிடமே கடுமையாகப் பேசினேனாம். இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு, முக்கியமாக வயதானவர்களுக்கு, இத்தகைய மனக்குழப்பம் வருவது அரிதல்ல. பெரும்பாலும் சில நாட்களில் தெளிந்துவிடும். முன்கூட்டியே தெரியாத குடும்பம் மிகவும் கலங்கிப் போகும் என்பதால்தான் இதை வெளிப்படையாகச் சொல்கிறேன். அப்போது வாதம் செய்வதில் பயனில்லை. என் மனைவி மூக்குக்கண்ணாடியை எனக்கு மாட்டிவிட்டு, இன்று என்ன கிழமை, நான் எங்கே இருக்கிறேன், என்ன நடந்தது என்று அமைதியாக மூன்று நான்கு முறை சொன்னார். அவருடைய குரல் மட்டுமே அன்று எனக்குப் பிடிமானமாக இருந்தது.

உறவினரின் வருகை ஆறுதலுக்கு மட்டுந்தானா, உடலுக்கும் நன்மை செய்கிறதா என்று கேட்பவர்களுக்காக இரண்டு ஆய்வுகளைக் குறிப்பிடுகிறேன். ஜேம்ஸ் குலிக், ஹெய்க் மாலர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1989-ல் வெளியிட்ட ஆய்வில், பைபாஸ் செய்துகொண்ட ஆண்களில், மனைவி அடிக்கடி வந்து பார்த்தவர்கள் குறைவான வலி மருந்தே எடுத்துக்கொண்டார்கள், தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்தும் மருத்துவமனையிலிருந்தும் விரைவாக வெளியேறினார்கள் என்று கண்டார்கள். அதே இருவர் 1987-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு என்னை இன்னும் ஆழமாகத் தொட்டது. அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவரின் அறையில், சிகிச்சை முடிந்து தேறிவரும் ஒருவர் உடனிருந்தால், காத்திருப்பவரின் அச்சம் குறைகிறது. பிறகு அவர் அதிகம் நடமாடுகிறார், சீக்கிரம் வீடு திரும்புகிறார். அந்தப் பாதையில் முன்னே போனவர் ஒருவரைக் கண்ணால் பார்ப்பது அத்தனை வலிமை தருகிறது. இதய அறுவை சிகிச்சையே இன்னும் தொடக்க நிலையில் இருந்த 1951-லேயே, பாஸ்டன் நகரில் இதய அறுவை சிகிச்சை செய்துகொண்ட சிலர் ஒன்று சேர்ந்து ‘மெண்டட் ஹார்ட்ஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கியதும், தங்களைப் போன்ற நோயாளிகளைப் போய்ப் பார்ப்பதற்காகத்தான்.

வீடு திரும்பிய மூன்றாம் வாரத்தில் காரணமே இல்லாமல் அழுகை வந்தது. உடல் தேறிக்கொண்டிருந்தபோதே மனம் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அடிக்கடி வருகிற இந்தச் சோர்வு பலருக்குச் சில வாரங்களில் நீங்கிவிடுகிறது. நீங்காமல் தொடர்ந்தால் அதை மனச்சோர்வு நோய் என்று கருதி மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். ஏனெனில் அது இதயம் தேறுவதையும் பின்னுக்கு இழுக்கும். “தைரியமாக இருங்கள்” என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். என் நண்பர் மட்டும் அப்படி எதுவும் சொல்லவில்லை. நாள்தோறும் மாலையில் வந்து, “செருப்பைப் போடு, போகலாம்” என்று மட்டும் சொல்வார். ஐந்து நிமிடத்தில் தொடங்கிய நடை, நாளுக்கு ஓரிரு நிமிடமாக நீண்டது. மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே நடக்க முடிந்தால் வேகம் சரியானது, வாக்கியம் பாதியில் அறுந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பது இதயப் புனர்வாழ்வுப் பயிற்சியில் சொல்லித்தரும் எளிய அளவுகோல். பேச்சுத்துணை என்ற நம் சொல்லின் முழுப் பொருளையும் அந்த மாலைகளில்தான் உணர்ந்தேன்: அவருடைய கேள்விகளுக்கு நான் சொன்ன பதில்களே என் இதயத்தின் நிலையை எங்கள் இருவருக்கும் காட்டிக்கொண்டிருந்தன.

மனைவி ஒரு நோட்டுப்புத்தகம் வைத்திருந்தார். காலை எடை, உடல் வெப்பம், நாடித்துடிப்பு, மாத்திரை நேரம் ஆகியவை அதில் இருக்கும். ஒரே நாளில் ஒரு கிலோ, அல்லது ஒரு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேல் எடை ஏறினால் உடலில் நீர் தேங்குகிறது என்று பொருள்படலாம். அப்படி ஏறினாலும், காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலும், காயத்திலிருந்து சீழ் கசிந்தாலும், மார்பெலும்பில் சொடக்குப் போடுவது போன்ற உணர்வு வந்தாலும், படுத்தால் மூச்சுத் திணறினாலும், மறுநாள் வரை காத்திராமல் மருத்துவரை அழைக்க வேண்டும்.

இத்தனை கவனமாகப் பார்த்துக்கொண்டவர்கள் ஏழாம் வாரத்திலும் அதே கவனத்தோடு இருந்ததுதான் எங்கள் வீட்டில் சிக்கலாயிற்று. படிக்கட்டில் கால் வைத்தால், “அப்பா, நீங்கள் உட்காருங்கள், நான் எடுத்துவந்து தருகிறேன்” என்று மகள் ஓடி வருவாள். அன்பினால்தான் செய்தாள். ஆனால் என் உடல் பழைய நிலைக்கு இனி வராது என்று அந்த ஓட்டமே எனக்குச் சொல்வதாகத் தோன்றியது. புனர்வாழ்வுப் பயிற்சிக்கு அவளையும் அழைத்துப்போன அன்றுதான் இது மாறியது. கண்காணிப்புக் கருவியோடு நான் இருபது நிமிடம் தொடர்ந்து நடப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தாள். அன்று மாலை வீட்டில் நான் படியேறியபோது, கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாளே தவிர, ஓடி வரவில்லை.

என் மனைவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று கவனித்தபடியே முதல் மாதம் முழுவதும் அவர் அரைத்தூக்கத்தில் கிடந்தார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அதை முதலில் கண்டுகொண்டவரும் நண்பர்தான். வாரத்தில் இரண்டு இரவுகள் என் அறையில் தான் படுத்துக்கொண்டு, அவரை வேறு அறையில் தூங்க வைத்தார். நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் பத்து நிமிடத்தோடு எழுந்துவிடுவதும், சளி இருமல் இருந்தால் வராமலிருப்பதும் நல்லது. அந்த நேரத்தில், உடனிருந்து பார்த்துக்கொள்பவர் எப்போது தூங்கினார் என்று கேட்டால், அது மிகப் பெரிய உதவி.

இப்போது நான் அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களை, அவர்கள் விரும்பினால், போய்ப் பார்த்து வருகிறேன். சென்ற மாதம் ஒரு பெண்மணி, கணவர் காதில் விழாதபடி, “முதல் நாள் நான் என்ன செய்ய வேண்டும்?” என்று கேட்டார். நான் அந்தக் கட்டிலிலேயே படுத்து, ஒருக்களித்து, காலைத் தொங்கவிட்டேன். அவர் தயங்கித் தயங்கி என் முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையை வைத்தார். இழுக்கவில்லை. நான் எழுந்து உட்கார்ந்ததும், “இவ்வளவுதானா?” என்றார், பிறகு கணவரைப் படுக்கச் சொல்லி, தாமே ஒருமுறை செய்து பார்த்தார்.

நன்றி, வணக்கம்.