திறப்பு யாரிடம் இருக்கிறது?

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிற எல்லாருக்கும்தான்.

நான் நெடுங்காலம் கிராம உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். சனம் இன்னும் விதானையார் என்றுதான் கூப்பிடும். "சமூக நல்லிணக்கம் பற்றி ஏதாவது பேசுங்கள்" என்றுதான் இந்த நிகழ்ச்சிக்கு அழைத்தார்கள். நல்லிணக்கம் பற்றிப் பேச்சுக் கேட்டே களைத்துப்போன சனம் நாங்கள், அதனால் நான் கட்டிடங்களைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டேன். கோயில் மண்டபங்கள், தேவாலயத்தோடு ஒட்டிய ஹோல்கள், பள்ளிவாசல் வளவுக்குள் இருக்கிற மண்டபங்கள். திருவிழாவுக்கும் பெருநாளுக்கும் திறந்து, மற்ற நாளெல்லாம் பூட்டிக் கிடக்கிறவை.

உங்கள் ஊரிலேயே ஒரு சுற்றுப் போய்ப் பாருங்கள். அன்னதான மண்டபத்து வாசலில் கறுப்புக் கிரானைட் கல் பதித்திருக்கும், அதில் உபயகாரர் பெயர், பெயருக்குக் கீழே சுவிஸ், கனடா, லண்டன். ஜன்னலால் எட்டிப் பார்த்தால் பிளாஸ்டிக் கதிரைகள் கூரைக்கு முட்டுமளவுக்கு அடுக்கிக் கிடக்கும், கிடாரங்கள் கவிழ்த்துக் கிடக்கும், போன திருவிழாவில் கட்டிய தோரணம் காய்ந்து தொங்கும், நிலமெல்லாம் வௌவால் எச்சம். அந்த மண்டபத்துக்கு நாலு வளவு தள்ளி, ஒரு தகரக் கொட்டிலுக்குள் ஐம்பது அறுபது பிள்ளைகள் நெருக்கியடித்துக்கொண்டு ரியூஷன் படிப்பார்கள், பங்குனி சித்திரை வெயிலில் உள்ளே நிற்க ஏலாது. குடும்ப நல உத்தியோகத்தர் குழந்தைகளை நிறுக்கிற தராசை யாருடையதோ வீட்டுத் தாழ்வாரத்து வளையில் கொழுவித் தொங்கவிட்டிருப்பார், தாய்மார் பிள்ளைகளை வைத்துக்கொண்டு முற்றத்து மாமரத்துக்குக் கீழே வரிசையில் நிற்பார்கள். மாதர் சங்கக் கூட்டத்துக்கும் அதே மாமரம்தான்.

உடனே சிலர் சொல்வார்கள், பிரதேச சபையிடம் ஒரு பல்தேவைக் கட்டிடம் கேட்போம் என்று. கேட்கலாம், வரும், நாடா வெட்டுவார்கள், ஆறு மாதத்தில் அதற்கும் பூட்டு. அப்படி எத்தனையோ பார்த்துவிட்டேன். கட்டிடம் இல்லாததல்ல எங்கள் பிரச்சினை, இருக்கிற கட்டிடத்தின் திறப்பு யார் கையில் என்பதுதான்.

இதில் ஒரு விஷயத்தை முதலே தெளிவாகச் சொல்லிவிடவேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு என் வீட்டு வாசலுக்கு ஆள் வரும். பூட்டிக் கிடக்கிறதெல்லாம் சும்மா கிடக்கிறது என்று நான் சொல்லவில்லை. எங்கள் பக்கத்துக் கண்ணகி அம்மன் கோயில்களை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவற்றில் வைகாசியில் சடங்குக்குத்தான் கதவு திறக்கும். கப்புகனார் பூசை செய்வார், அம்மனைக் குளிரவைக்கிற குளிர்த்திப் பாட்டு பாடி முடிந்ததும் கதவு சாத்தினால் அடுத்த வைகாசிதான். அது அந்த அம்மனுக்குரிய முறை. அந்தக் கதவை யாரும் தட்டத் தேவையில்லை. நான் பேசுவது வெளியே இருக்கிற மண்டபம், மடம், சமையல்கட்டு, கிணறு, கழிப்பறை, மதிலுக்குள் இருக்கிற வெறும் நிலம் பற்றி. மூலஸ்தானத்துக்கும் இவற்றுக்கும் இடையில் நல்ல தூரம் இருக்கிறது.

வெளிநாடுகளில் இந்தக் கதை வேறு விதமானது. அங்கே கும்பிட வருகிற ஆள் குறைந்ததால் கட்டிடம் வெறுமையானது. இங்கிலாந்தில் போல்டன் என்ற நகரத்தில் ஓல் சோல்ஸ் என்றொரு பெரிய தேவாலயம், 19ஆம் நூற்றாண்டில் ஆலைத் தொழிலாளர்களுக்காகக் கட்டியது. 1986இல் மூடிவிட்டார்கள். சுற்றவர இருந்த குடும்பங்கள் மாறி, அந்தப் பகுதியில் தெற்காசிய முஸ்லிம்கள் நிறையப் பேர் குடியேறிவிட்டார்கள். கட்டிடம் ஓட்டை விழுந்து, களவு போய், வருடக்கணக்காகப் பாழாய்க் கிடந்தது. பிறகு உள்ளே பழைய சுவரைத் தொடாமல், தனியே நிற்கிற இரண்டு சிறிய கட்டமைப்புகளை எழுப்பி, கூட்ட அறைகளும் தேநீர்க்கடையும் வைத்து 2014இல் திறந்தார்கள். தேவாலயத்தை இடிக்கவும் இல்லை, வேறு மதத்துக்குக் கொடுக்கவும் இல்லை. பக்கத்து வீட்டு முஸ்லிம் தாயும் போய் ஒரு கோப்பை தேத்தண்ணீர் குடிக்கிற இடமாக்கினார்கள். நெதர்லாந்தில் மாஸ்ட்ரிக்ட் நகரத்தில் 13ஆம் நூற்றாண்டுத் தேவாலயம் ஒன்று 2006இல் இருந்து புத்தகக்கடை. கொரோனாக் காலத்தில், 2021 ஜனவரியில், சால்ஸ்பரி பேராலயத்துக்குள்ளேயே தடுப்பூசி போட்டார்கள், வயசானவர்கள் ஊசிக்குக் காத்திருக்க மேலே ஓர்கன் வாசித்துக்கொண்டிருந்தார்கள். லண்டன் பிரிக் லேனில் ஒரு கட்டிடம் இருக்கிறது, 1743இல் பிரெஞ்சுப் புரட்டஸ்தாந்து அகதிகள் கட்டியது, பிறகு மெதடிஸ்த தேவாலயம், 1898இல் யூதர்களின் தொழுகைக்கூடம், 1976இல் பள்ளிவாசல். அவ்வளவு தூரம் நாங்கள் போகத் தேவையில்லை, போகச் சொன்னால் எனக்கே சம்மதமில்லை.

ஏனென்றால் எங்களிடம் நம்பிக்கை குறையவில்லை. யுத்தம் முடிந்த பிறகு வெளிநாட்டுக் காசும் உள்ளூர்க் காசும் சேர்ந்து கட்டிடம் கூடியதுதான் இங்கே நடந்தது. ஒரே ஒழுங்கையில் மூன்று கோயில், மூன்றுக்கும் மண்டபம். கரையோரத்தில் இன்னொரு விதம். சுனாமிக்குப் பிறகு கிழக்கில் கடலில் இருந்து 200 மீட்டருக்குள் திரும்பக் கட்டக்கூடாது என்றார்கள், நாவலடிச் சனத்தில் பெரும்பகுதி திராய்மடுவுக்குப் போய்விட்டது. சனம் உள்ளுக்குப் போக வணக்கத்தலங்கள் கரையிலேயே நின்றன. கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயிலின் சாய்ந்த கோபுரத்தைப் பார்க்க இன்றைக்கும் ஆள் வருகிறது, அந்த அலை என்ன செய்தது என்று அது காட்டிக்கொண்டிருக்கிறது.

வணக்கத்தல வளவை ஊர் வேலைக்குப் பாவிப்பது எங்கள் ஆட்களுக்கு ஒன்றும் புதிதல்ல. கூத்துக்குக் களரி போடுவதே கோயில் வெளியில்தான், வசந்தன் ஆடுவதும் அங்கேதான். ஊர்க்கூட்டம், வழக்குத் தீர்ப்பு, நெல் அளப்பு என்று எவ்வளவோ கோயில் வீதியில் நடந்திருக்கிறது. 1814இல் மெதடிஸ்த மிஷன்காரர் வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்தபோது, வேதம் சொல்வதும் பிள்ளைகளுக்கு எழுத்துப் படிப்பிப்பதும் ஒன்றாகத்தான் தொடங்கின. பள்ளிவாசலில் ஓதப் போன பிள்ளைதான் எங்கள் முஸ்லிம் கிராமங்களில் முதலில் எழுத்துக்கூட்டிப் படித்த பிள்ளை. நோன்பு மாதத்தில் கஞ்சி வாங்கத் தமிழ்ப் பிள்ளைகளும் வாளியோடு போய் நின்ற காலம் எனக்குத் தெரியும்.

2004 மார்கழி 26ஆம் திகதி, கரையில் இருந்து ஓடிவந்த சனம் எந்தக் கதவு திறந்திருந்ததோ அதற்குள்தான் போனது. கோயிலா, பள்ளிவாசலா, தேவாலயமா என்று பார்க்க நேரம் இல்லை, உள்ளே இருந்தவர்களும் கேட்கவில்லை. துடக்கு, தீட்டு என்ற கதையே அன்றைக்கு எழவில்லை.

வெள்ளம் என்றால் எங்களுக்கு வருடாவருடம் வருகிற விருந்தாளி. 2011 தையில் வந்த வெள்ளம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2024 நவம்பரில் நடந்துகொண்டிருந்த உயர்தரப் பரீட்சையையே இடையில் நிறுத்த வேண்டி வந்தது. வெள்ளம் வந்தால் நாங்கள் முதலில் திறப்பது பள்ளிக்கூடத்தைத்தான், காரணம் அதிபரைத் தொலைபேசியில் பிடிக்கலாம், அரசாங்கக் கட்டிடம். ஆனால் பள்ளிக்கூடத்தை முகாமாக்கினால் வெள்ளம் வடிந்த பிறகும் கொஞ்ச நாளைக்குப் படிப்புக் கெடும், வகுப்பறையில் அடுப்பு மூட்டவும் முடியாது. அன்னதான மண்டபத்தில் அடுப்பு, கிடாரம், அகப்பை, கிணறு எல்லாம் தயாராக இருக்கிறது! நான் சேவையில் இருந்த காலத்தில் ஒரு மாரி இரவு, இடுப்பளவு தண்ணீரில் குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு ஒரு மண்டபத்துக்குப் போனால் பெரிய பூட்டு. திறப்பு நிர்வாகத்தில் ஒருவரிடம், அவர் கொழும்பில் மகள் வீட்டில். தொலைபேசியில் பிடித்தேன், "உடையுங்கோ விதானையார், வேறென்ன செய்ய" என்று சொன்னார், உடைத்தோம். தண்ணீர் வடிந்ததும் பூட்டுக்குக் காசு கேட்டு நிர்வாகத்தில் இருந்து எனக்குக் கடிதம் வந்தது. காசைக் கொடுத்தேன், கடிதத்தையும் வைத்திருக்கிறேன்.

சரி, தடைகளுக்கு வருவோம். துடக்கு ஒன்று. மாதவிலக்கு, பிள்ளைப்பேறு, செத்தவீடு, இவற்றைச் சாட்டிப் பெண்களைத்தான் முதலில் வெளியே நிறுத்துவார்கள், ஆனால் கிளினிக்குக்கும் சங்கத்துக்கும் வருகிறது பெண்கள்தானே. அதற்கு என் யோசனை வாக்குவாதம் இல்லை, வாசல். வீதிப் பக்கம் மண்டபத்துக்குத் தனிக் கதவு வையுங்கள், கோயில் முன்வாசலைத் தொடாமல் வந்து போகலாம். மீன், இறைச்சி என்று மச்சம் சமைக்கக்கூடாது என்றால் சமைக்கவேண்டாம், அது பெரிய காரியமா? கொடியேற்றம் தொடங்கினால் அந்த நாட்களுக்கு மண்டபம் கோயிலுக்கே, அதையும் முதலிலேயே எழுதிக்கொள்ளலாம்.

மற்றது சந்தேகம். தேவாலய ஹோலில் பின்னேர வகுப்பு என்றால் மதம் மாற்றுகிறார்களோ என்று ஒரு பக்கம் கேட்கும், பள்ளிவாசல் மண்டபத்தில் தையல் வகுப்பு என்றால் எங்கள் பிள்ளையை அனுப்பலாமா என்று இன்னொரு பக்கம் யோசிக்கும். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதலுக்குப் பிறகு, மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் நடந்ததைப் பார்த்த ஊரில், இந்தப் பயத்தை வீண் பயம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இரத்த அழுத்தம் பார்க்கிற கிளினிக்கில் யாரும் யாரையும் மாற்ற முடியாது. அதனால் தொடக்கத்தில் மதத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத வேலையைத்தான் கொண்டுவர வேண்டும். நிறுவைத் தராசு, கண் பரிசோதனை, உயர்தரப் பிள்ளைகள் இரவில் படிக்க மின்விசிறியும் வெளிச்சமும். கலைவிழா, நல்லிணக்க விழா, மேடைப்பேச்சு எல்லாம் வேண்டாம், அவை வந்தால் அரசியல்வாதியும் வருவார், அவருக்குப் பின்னால் பொன்னாடையும் வரும்.

பிறகு சட்டம். கோயில் சொத்து பெரும்பாலும் தரும நம்பிக்கைப் பொறுப்பு, 1917ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அதற்குப் பொருந்தும். பள்ளிவாசல் சொத்துக்கு 1956ஆம் ஆண்டு வக்பு சட்டம். கத்தோலிக்கத் தேவாலயம் என்றால் ஆயர் இல்லத்தில் கேட்கவேண்டும். சில கோயில்களில் வண்ணக்கர், அதாவது கோயில் பொறுப்பாளர், யார் என்பதிலேயே குடிகள் என்கிற தாய்வழிக் குலங்களுக்குள் வழக்கு, அங்கே மண்டபத்தைப் பற்றிப் பேசப் போனால் நீங்களும் சாட்சியாக நீதிமன்றம் ஏறவேண்டி வரும், ஆகவே அப்படியான இடத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். மற்ற இடங்களில் சொத்தை யாருக்கும் மாற்றித் தரச் சொல்லி யாரும் கேட்கவில்லை. சொந்தக்காரர் அப்படியே இருக்க, கிழமையில் சில காலைகளுக்கும் பின்னேரங்களுக்கும் பாவிக்க விடுவது, ஒரு வருடத்துக்கு ஒரு தாளில் எழுதிய உடன்படிக்கை, சரிவராவிட்டால் வருட முடிவில் கைகொடுத்துப் பிரிவது, அவ்வளவுதான். அந்தத் தாளில் அனர்த்தம் என்றால் எந்த நேரமும் திறக்கலாம் என்று ஒரு வரி கட்டாயம் இருக்கவேண்டும். திறப்பில் ஒன்று நிர்வாகத்திடம், ஒன்று பக்கத்து வீட்டில் எப்போதும் இருக்கிற யாராவது ஒரு அக்காவிடம், ஒன்று கிராம உத்தியோகத்தரிடம்.

கழிப்பறையை மறக்கவேண்டாம். நிறைய மண்டபங்களில் கழிப்பறை பின்னால் இருட்டுக்குள், கதவில் கொண்டி இல்லை, பைப்பில் தண்ணீர் இல்லை. அதைத் திருத்தாமல் பெண்கள் வரவில்லை என்று குறைசொல்லிப் பிரயோசனமில்லை. அடுத்த தடவை வெளிநாட்டில் இருந்து உபயகாரர் என்ன செய்யட்டும் என்று கேட்டால் இன்னொரு கோபுரம் என்று சொல்லாமல், கழிப்பறை இரண்டு, தண்ணீர்த் தாங்கி ஒன்று, மண்டபத்துக்குத் தனி மின்மானி ஒன்று என்று சொல்லுங்கள். கிரானைட் கல்லில் அவர் பெயரைப் போடுவதில் எனக்கு ஆட்சேபனை இல்லை.

இதைப் பற்றிப் பேசப் போனபோது ஒரு நிர்வாகத்தவர் என்னிடம் கேட்டார், "ஐயா, மண்டபத்தைக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விட்டுத்தானே கோயில் விளக்கு எரியுது, அந்த வருமானம் போயிடாதா?" என்று. நியாயமான கேள்வி. கல்யாணம் முகூர்த்த நாளில்தான் வரும், ஆடியிலும் மார்கழியிலும் ஒன்றும் வராது, வேலைநாள் காலையில் வருவது அருமை. அந்த வெறும் நேரத்துக்கு ரியூஷன் ஆசிரியர் ஒரு சிறு தொகை கட்டலாம், சங்கங்கள் மின்சாரக் கட்டணத்தில் பங்கு போடலாம், கிளினிக்குக்கு ஒன்றும் எடுக்கவேண்டாம். கணக்கை ஒரு கொப்பியில் எழுதி மாதம் ஒருமுறை அறிவித்தல் பலகையில் ஒட்டினால் போதும். அவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார், இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார், வருகிற பூரணைக்குப் பிறகு நிர்வாகக் கூட்டம் இருக்கிறதாம், என்னையும் வரச் சொல்லியிருக்கிறார். போவேன்.

நேரம் முடிந்துவிட்டது என்று கண்ணாடிக்கு அங்கால் இருந்து கை காட்டுகிறார்கள். நன்றி, வணக்கம்.