கேட்காமல் கிடைத்த கன்செர்ட்டோ

அவையோருக்கு வணக்கம்.

1943இல் மாஸ்கோ இசைக் கல்லூரியில் சேர்ந்தபோது, வில்லால் வாசிக்கும் பெரிய தந்திக் கருவியான செல்லோவின் கலைஞர் ரோஸ்ட்ரோபோவிச்சுக்கு வயது 16. பாக்குவில் பிறந்தவர்; தமக்குச் செல்லோ கற்பித்த தந்தையை முந்தைய ஆண்டுதான் இழந்திருந்தார். வாசிப்பு மட்டும் போதாதென்று, இசைக்குழுவுக்கு எழுதும் கலையையும் பயில விரும்பிய அவர், ஏழாவது சிம்பொனியால் உலகெங்கும் அறியப்பட்டிருந்த சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் வகுப்பில் இடம்பெற்றார்.

1948 பிப்ரவரியில் வெளிவந்த சோவியத் கம்யூனிஸ்ட் கட்சித் தீர்மானம் ஷோஸ்டகோவிச்சைக் கண்டித்தது. ஆசிரியப் பணியும் பறிபோனது. பலர் ஒதுங்கிப் போன அக்காலத்திலும் மாணவரின் பற்று குறையவில்லை. பின்னாளில் ஷோஸ்டகோவிச் 1934இல் எழுதிய செல்லோ சொனாட்டாவை, அவரே பியானோவில் அமர, இருவரும் மேடைகளில் வாசித்தார்கள்.

தமக்கென ஒரு கன்செர்ட்டோ, அதாவது ஒரு தனிக் கருவி இசைக்குழுவுடன் சேர்ந்து வாசிக்கும் படைப்பு, வேண்டும் என்ற ஆசை மாணவருக்கு இருந்தது. அதற்கு வழி என்னவென்று ஆசிரியரின் மனைவி நீனாவிடம் கேட்டபோது, ஒருபோதும் அவரிடம் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்பதுதான் வழி என்றாராம். தவம் இருக்கலாம், வரம் கேட்கலாகாது! நீனா 1954 டிசம்பரில் காலமானார். கன்செர்ட்டோ வந்ததோ 1959இல். இடையில் மாணவர் வாய் திறக்கவில்லை. ஆனால் 1952இல் மற்றோர் இசையமைப்பாளரான புரோகோஃபியேவ் இதே இளைஞருக்காக எழுதிய சிம்பொனி-கன்செர்ட்டோ தம்மை இவ்வகையில் எழுதத் தூண்டியதாக ஷோஸ்டகோவிச்சே பின்னர் கூறினார். ஆக, வாய் கேட்காததை வில் கேட்டுவிட்டது என்றே நான் எண்ணுகிறேன்.

1959 ஆகஸ்ட் 2ஆம் நாள் லெனின்கிராடில் அதன் இசைப்படி மாணவரின் கைக்கு வந்தது. 6ஆம் நாள், கொமரோவோவில் இருந்த ஷோஸ்டகோவிச்சின் கோடை இல்லத்தில், பியானோ துணையுடன் வாசிக்க அமர்ந்தவருக்கு இசைப்படி வைக்கும் தாங்கி ஒன்றை எடுத்துவர ஆசிரியர் எழுந்தார். அது தேவையில்லை, முழுவதும் மனப்பாடம் என்றார் மாணவர். ஆசிரியரால் நம்பவே முடியவில்லை. மூன்றாம் பகுதி முழுவதும் இசைக்குழுவின் துணையின்றிச் செல்லோ தனித்து வாசிக்க வேண்டியது என்பதை நினைத்தால், அந்த வியப்பின் அளவு நமக்கும் விளங்கும்.

அக்டோபர் 4ஆம் நாள், ம்ராவின்ஸ்கி இசைக்குழுவை நடத்த, லெனின்கிராடில் அரங்கேற்றம் நிகழ்ந்தது. இறுதிப் பகுதியில் ஸ்டாலின் விரும்பிக் கேட்ட ஜார்ஜியப் பாடலான 'சுலிகோ'வின் ஒரு துணுக்கு உருக்குலைந்து ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு சுரத்தையும் நான்கே நாளில் நெஞ்சில் ஏற்றிய ரோஸ்ட்ரோபோவிச்சுக்கும், ஷோஸ்டகோவிச் சுட்டிக்காட்டும் வரை அது காதில் படவில்லை.