யாதவகிரியில் எட்டு ஜன்னல் வைத்த அறை

வணக்கம் நேயர்களே.

மைசூரு ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் யாதவகிரி. அங்கே விவேகானந்தா சாலையில் ஒரு மாடி வீடு. முகப்பு அரைவட்டமாக வளைந்திருக்கும். ஆங்கிலத்தில் கதைகள் எழுதிய ஆர்.கே. நாராயண் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு அது. 1950களின் தொடக்கத்தில் குடிவந்தார். வயதான காலத்தில் சென்னைக்குப் போகும்வரை அவருக்கு அதுதான் வீடு.

மாடியில் எழுதுவதற்கென்று எட்டு ஜன்னல் வைத்து ஓர் அறை கட்டிக்கொண்டார். ஒரு பக்கம் சாமுண்டி மலை, இன்னொரு பக்கம் ரயில் போகும் பாதை. கண்ணுக்கு விருந்துதான், ஆனால் எழுத்து ஓடவில்லை! கடைசியில் தடித்த திரைச்சீலை வாங்கி எல்லா ஜன்னலையும் மூடிவிட்டுத்தான் வேலை நடந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். அந்த அறையில் நிற்கும்போது எனக்கு அவருடைய விருதுகளைவிட அந்தத் திரைச்சீலைதான் பெரிதாகத் தெரிந்தது.

2001இல் அவர் காலமானார். பத்து வருஷம் கழித்து, 2011இல், வீடு அடுக்குமாடிக் கட்டடத்துக்காகக் கைமாறி, இடிக்கவும் தொடங்கிவிட்டார்கள். பத்திரிகைகளில் செய்தி வந்தது, ஊர்க்காரர்களும் வாசகர்களும் குரல் கொடுத்தார்கள், வேலை நின்றது. பிறகு மைசூரு மாநகராட்சி சுமார் இரண்டரைக் கோடி ரூபாய்க்கு வீட்டை வாங்கிப் பழுதுபார்த்து, 2016இல் அருங்காட்சியகமாகத் திறந்தது.

இதற்கு எதிர்ப்பும் இருந்தது. ஆங்கிலத்தில் எழுதிய, வீட்டில் தமிழ் பேசிய ஒருவருக்குப் பொதுப்பணமா, கன்னட எழுத்தாளர்கள் வீட்டையெல்லாம் யார் காப்பாற்றினார்கள் என்று சில கன்னட எழுத்தாளர்களே கேட்டார்கள். அந்த இரண்டாவது கேள்வியை நான் மதிக்கிறேன். முதல் கேள்வியைத்தான் ஏற்க முடியவில்லை. மைசூரு மகாராஜா கல்லூரியில் படித்து, அந்த ஊர்க் கடைத்தெருவில் தினமும் நடந்து, கடைக்காரரோடும் வக்கீலோடும் நின்று பேசி அவர் தன் கதைகளுக்காக உருவாக்கிய கற்பனை ஊர் மால்குடி. அதைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்தவர் சங்கர் நாக் என்ற கன்னடக் கலைஞர். படப்பிடிப்பு நடந்தது தீர்த்தஹள்ளி தாலுக்காவில் இருக்கும் ஆகும்பேயில்.

அதே தாலுக்காவில்தான் குப்பள்ளி என்ற சிற்றூரும் இருக்கிறது. கன்னடக் கவிஞர் குவெம்பு வளர்ந்த வீடு அங்கே ‘கவிமனை’ என்ற பெயரில் அருங்காட்சியகமாக இருக்கிறது. நடுவில் முற்றம், சுற்றிலும் பெரிய மரத்தூண்கள், அந்தக் காலத்துச் சமையல் பாத்திரங்கள், அவருடைய கல்யாணத்தில் வைத்த மணமேடையைக்கூட வைத்திருக்கிறார்கள். பக்கத்துக் குன்றான கவிசைலாவில், அவரும் அவருடைய ஆசிரியர்களும் பெயர் செதுக்கிய பாறையைப் பார்க்கலாம். அவருடைய சமாதியும் அங்கேயே. ஆனால் குப்பள்ளியின் உண்மையான பெருமை வேறு. குவெம்பு பெயரில் இயங்கும் அறக்கட்டளை அங்கே அரங்கம் வைத்திருக்கிறது. இலக்கியப் பயிலரங்குகள் நடக்கின்றன. இளைஞர்கள் வந்து தங்குகிறார்கள், கதையும் கவிதையும் வாசிக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், அப்புறம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அந்த வீட்டில் எழுத்து இன்னும் குடியிருக்கிறது.

யாதவகிரி வீட்டில் நாராயணின் கோட்டும் கண்ணாடியும் இருக்கின்றன, புகைப்படங்கள், பத்ம விருதுகள், சுவரில் அவருடைய வரிகள். எல்லாம் நேர்த்தியாகவே இருக்கின்றன. வருகிறவர்கள் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். இடிபாட்டிலிருந்து மீட்ட வீட்டுக்கு இது போதாது என்பது என் எண்ணம். ஆண்டுக்கு நாலு பேரையாவது, கன்னடமோ தமிழோ ஆங்கிலமோ எழுதுகிறவர்களை அழைத்து, ஒரு மாதம் மைசூரில் தங்க இடம் கொடுத்து, பகலில் அந்த மாடி அறையில் உட்காரவைக்கலாம். சனிக்கிழமை மாலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிவந்து கீழே கதை சொல்லலாம். கோடிக்கணக்கில் ஆகிற செலவு இல்லை இது. ஒரு மேசை, நாலு நாற்காலி, பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள்.

மைசூருக்குப் போகிறவர்கள் அரண்மனையும் மிருகக்காட்சிசாலையும் பார்த்த கையோடு ஒரு மணி நேரம் ஒதுக்கி யாதவகிரிக்கும் போய்வாருங்கள். பிடித்திருந்தால், திரும்பி வந்ததும் மாநகராட்சிக்கு ஒரு கடிதம் போடுங்கள். அந்த அறையில் யாராவது உட்கார்ந்து எழுதட்டும் என்று கேளுங்கள். 2011இல் வீட்டைக் காப்பாற்றியதும் இப்படிக் கேட்டவர்கள்தான்.

நன்றி, வணக்கம்.