எடை இல்லாத இடத்தில் தோண்டுவது எப்படி?

அவையோருக்கு வணக்கம்.

மண்வெட்டியை ஓங்கி இறக்குகிறவர் தம் உடல் எடையை நினைத்துப் பார்ப்பதில்லை. ஆனால் நிலம் நம்மைத் தன்மேல் நிறுத்தி வைத்திருப்பதால்தான் நம்மால் அந்த நிலத்தையே வெட்ட முடிகிறது. விண்வெளிச் சுரங்கம் என்றதும் சிறுகோள்களில் உள்ள உலோகங்களின் விலையைத்தான் பலரும் கணக்கிடுகிறார்கள். அதற்கு முந்தைய கேள்வி ஒன்று உண்டு: எடை ஏறக்குறைய இல்லாத இடத்தில் ஓர் எந்திரம் எதை ஊன்றித் தோண்டும்?

2014 நவம்பர் 12 அன்று ஃபிலே என்னும் இறங்குகலம் ஒரு வால்மீனைத் தொட்டது. அதைத் தரையோடு பிணைக்க வேண்டிய ஈட்டிகள் பாயாததால், கலம் மேலெழும்பி, ஏறத்தாழ இரண்டு மணி நேரம் அலைந்து, நிழல் சூழ்ந்த ஓர் இடுக்கில் போய் நின்றது. பென்னு என்ற சிறுகோளிலோ இதற்கு நேர்மாறாக நடந்தது. 2020 அக்டோபர் 20 அன்று, மண் மாதிரி எடுக்கச் சென்ற நாசாவின் ஒசைரிஸ்-ரெக்ஸ் கலத்தின் கை பட்டபோது, கெட்டியாக இருக்கும் என்று எதிர்பார்த்த மேற்பரப்பு எதிர்ப்பே காட்டாமல் விலகிக் கொடுக்க, கை அரை மீட்டர் அளவுக்கு உள்ளே இறங்கிவிட்டது. அங்கிருந்து செய்தி வந்து சேரவே 18 நிமிடங்களுக்கு மேல் ஆகும் என்பதால், இறங்கும் இடத்தைப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும், ஆபத்தென்றால் விலகுவதும் கலத்தின் பொறுப்பிலேயே விடப்பட்டிருந்தன. அத்தனை பாடுபட்டுக் கிடைத்த மாதிரி 121.6 கிராம். சுரங்கம் என்ற சொல்லுக்கு நாம் இன்னும் எவ்வளவு தொலைவில் இருக்கிறோம் என்பதை இந்த ஓர் எண்ணே காட்டுகிறது. ஆயினும் அந்த 121.6 கிராமை நான் பெரும் வெற்றியாகவே கருதுகிறேன்.

ஈர்ப்பு ஓரளவு உள்ள செவ்வாயிலும் மண் எளிதில் இணங்கவில்லை. ஐந்து மீட்டர் ஆழம் செல்லவிருந்த இன்சைட் கலத்தின் துளைப்பான், சுற்றியுள்ள மண்ணில் போதிய உராய்வு கிடைக்காமல் தன் உடல் நீளத்துக்குச் சற்றே கீழே நின்றுவிட்டது. ஏறத்தாழ இரண்டாண்டு முயற்சி 2021 ஜனவரியில் கைவிடப்பட்டது.

ஊன்றிக்கொள்ள எடை போதாத இந்தச் சிக்கலுக்கு நாசா பொறியாளர்கள் கண்ட வழி அழகானது. ராசர் என்ற அகழ்வு ரோபோவின் இரு முனைகளிலும் வாளிகள் பதித்த உருளைகள் உள்ளன. அவை எதிரெதிர்த் திசையில் சுழல்வதால், ஒன்றின் உந்துதலை மற்றொன்று ஈடுசெய்கிறது. எந்திரம் கனமாக இருக்க வேண்டிய கட்டாயம் குறைகிறது.

எதைத் தோண்டுவது? என் கருத்தில், முதலில் தண்ணீர்தான். நிலவின் துருவங்களில் வெயிலே படாத பள்ளங்களில் பனிக்கட்டி இருப்பதை, 2008-இல் புறப்பட்ட சந்திரயான்-1 கலத்தின் தரவுகளைக் கொண்டு 2018-இல் ஆய்வாளர்கள் உறுதிசெய்தனர். நீரைப் பிரித்தால் சுவாசிக்க ஆக்சிஜனும், அதனுடன் சேர்ந்து எரிபொருளாக ஹைட்ரஜனும் கிடைக்கும். பூமியிலிருந்து சுமந்து செல்லும் பாரம் அந்த அளவுக்குக் குறையும். ஆனால் அந்தப் பள்ளங்களில் குளிர் மைனஸ் 200 டிகிரிக்கும் கீழே இறங்குகிறது. சூரியத் தகடுகள் அங்கே பயன்படா. இருட்டிலும் உறைகுளிரிலும் மாதக்கணக்கில் தானாக இயங்கி, பாறைபோல் இறுகிய பனியை வெட்டும் ரோபோவைத்தான் நாம் அடுத்து உருவாக்க வேண்டியிருக்கிறது.