மூச்சை விடும்போது இதயம் என்ன செய்கிறது?

[திரையில்: மணிக்கட்டின் மேல் வைத்த இரண்டு விரல்கள். பின்னணி இசை இல்லை.]

வணக்கம். தொடங்கும் முன், உங்கள் வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் இடது மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே உள்ள பள்ளத்தில் மெதுவாக வையுங்கள். அழுத்த வேண்டாம், அழுத்தினால் நாடி மறைந்துவிடும். துடிப்பு தட்டுப்பட்டதும், மூக்கின் வழியாக நிதானமாக மூச்சை உள்ளே இழுத்து, அதைவிட நிதானமாக வெளியே விடுங்கள். நான்கைந்து முறை இப்படிச் செய்தால், பலருக்கு ஒரு விஷயம் விரல் நுனியிலேயே புலப்படும். மூச்சு உள்ளே போகும்போது துடிப்புகள் நெருங்கி வருகின்றன. வெளியே போகும்போது துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே இடைவெளி கூடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் என் அக்கா மகனுக்கு, பதினாறு வயதில், விளையாட்டுப் போட்டி ஒன்றுக்காக ஈசிஜி எடுத்தார்கள். அறிக்கையில் ‘சைனஸ் அரித்மியா’ என்று அச்சாகியிருந்த சொல்லைப் பார்த்து வீட்டில் இரண்டு நாள் யாருக்கும் சரியாக உறக்கமில்லை. ‘அரித்மியா’ என்றால் தாளம் தவறுவது என்று மட்டும்தான் எங்களுக்குத் தெரிந்திருந்தது. மருத்துவர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, பையனின் மூச்சோடு சேர்ந்து அவன் இதயத் துடிப்பு ஏறி இறங்குகிறது, இளம் வயதில் இது நன்றாகவே தெரியும், இது நோயல்ல என்று சொன்னபோதுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. இதே ஏற்ற இறக்கம்தான் நீங்கள் இப்போது உங்கள் மணிக்கட்டில் உணர்ந்ததும். வயது கூடக் கூட அது குறைந்துகொண்டே போகும். ஆகவே விரலுக்கு எதுவும் தட்டுப்படவில்லை என்றாலும் கவலைப்பட வேண்டாம்.

[திரையில்: புகை படிந்த தாள் சுற்றிய உருளை, அதன் மேல் அலை அலையாகக் கோடு வரையும் ஊசி.]

இந்த ஏற்ற இறக்கத்தை மனிதர் கவனித்து நெடுங்காலம் ஆகிறது. இங்கிலாந்தில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார், குதிரையின் இரத்தக் குழாயில் கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, இரத்த அழுத்தம் மூச்சோடு சேர்ந்து மாறுவதைக் கண்டு 1733இல் எழுதி வைத்தார். ஜெர்மானிய உடலியங்கியல் அறிஞர் கார்ல் லுட்விக், சுழலும் உருளையில் அழுத்தத்தைக் கோடாகப் பதியும் கருவியை உருவாக்கி, மூச்சை இழுக்கும்போது துடிப்பு விரைவதையும் விடும்போது தணிவதையும் 1847இல் பதிவு செய்தார்.

காரணத்தைப் புரிந்துகொள்ள, இதயத்தின் இயல்பான வேகம் என்ன என்ற கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும். ஓய்வாக இருக்கும் ஒருவரின் இதயம் நிமிடத்துக்கு 60 முதல் 80 முறை வரை துடிப்பதால், அதுவே அதன் சொந்த வேகம் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் இதயத்தின் வலது மேலறையில் துடிப்பைத் தொடக்கி வைக்கும் சிறிய திசுவை எந்த நரம்பின் தலையீடும் இல்லாமல் விட்டுவிட்டால், அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 முறை துடிக்கும். மாற்று இதயம் பொருத்தப்பட்டவர்களிடம் இதை நேரடியாகவே பார்க்கலாம். அறுவை சிகிச்சையில் நரம்புகள் துண்டிக்கப்படுவதால், அவர்களுடைய இதயம் ஓய்வு நேரத்திலும் 90க்கும் மேல் துடிக்கிறது. மூச்சோடு சேர்ந்த ஏற்ற இறக்கமும் அதில் ஏறக்குறைய இல்லாமலே போய்விடுகிறது. அப்படியானால் நம் இதயத்தை நாள் முழுவதும் யாரோ இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றுதானே பொருள்? இழுத்துப் பிடிப்பது வேகஸ் நரம்பு. மூளையின் அடித்தண்டிலிருந்து கிளம்பி, கழுத்து வழியாக இறங்கி, இதயம், நுரையீரல், குடல் வரை கிளை பரப்பும் பத்தாவது மூளை நரம்பு அது.

[திரையில்: இரண்டு கண்ணாடிக் கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் துடிக்கும் ஒரு தவளை இதயம்.]

வேகஸ் எப்படி இதயத்தை நிதானப்படுத்துகிறது என்பதைக் கண்டுபிடித்த சோதனையைச் சொல்லாமல் கடந்துபோக எனக்கு மனமில்லை. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் பணியாற்றிய ஓட்டோ லோவி, ஒரு நள்ளிரவில் இந்தச் சோதனையைக் கனவாகக் கண்டு, எழுந்து ஒரு தாளில் கிறுக்கி வைத்துவிட்டுப் படுத்தாராம். காலையில் அந்தக் கிறுக்கலை அவராலேயே படிக்க முடியவில்லை. மறுநாள் இரவும் அதே எண்ணம் வந்தபோது, இம்முறை தாமதிக்காமல் எழுந்து நேராக ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டார். துடித்துக்கொண்டிருந்த ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டினார். அதன் துடிப்பு தணிந்தது. அந்த இதயத்தைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து, நரம்பே இல்லாத இரண்டாவது இதயத்தில் விட்டார், அதுவும் தணிந்தது. நரம்பு ஒரு வேதிப்பொருளைச் சுரந்துதான் இதயத்திடம் பேசுகிறது என்பது இப்படித் தெரியவந்தது. 1921இல் வெளியான அந்த முடிவுக்காக, 1936இல் ஹென்றி டேலுடன் சேர்ந்து நோபல் பரிசு பெற்றார். அசிட்டைல்கோலின் என்று இன்று அழைக்கப்படும் அந்தப் பொருளுக்கு நம் கதையில் முக்கியமான ஒரு குணம் உண்டு: சுரந்த உடனே வேலை செய்யும், வேலை முடிந்த உடனே சிதைந்துவிடும். பதற்றத்தின்போது இதயத்தை விரைவுபடுத்தும் பரிவு நரம்புகளின் பாதிப்பு ஏறவும் இறங்கவும் பல விநாடிகள் பிடிக்கும். வேகஸ் சொல்வதையோ இதயம் அடுத்தடுத்த துடிப்பிலேயே கேட்டுவிடும். ஒரே ஒரு மூச்சுக்குள் நாடி ஏறி இறங்குவது இதனால்தான்.

மூச்சை இழுக்கும்போது, மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானம் கீழே இறங்குகிறது, மார்புக்கூட்டின் உள் அழுத்தம் குறைகிறது, இதயத்தின் வலப்பக்கத்துக்கு இரத்தம் கூடுதலாக வருகிறது. அதே நேரத்தில் மூளைத்தண்டில் உள்ள மூச்சு மையம், இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பணுக்களைச் சற்று அடக்கி வைக்கிறது. வண்டிக்காரர் மூக்கணாங்கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தியதும் மாடு எட்டி நடை போடுவதைப் போல, பிடி தளர்ந்ததும் துடிப்பு விரைகிறது. மூச்சை விடும்போது கயிறு மறுபடி இறுகுகிறது.

எனவே இதயம் தணிவது மூச்சை விடும் பாதியில். பதறி நிற்பவரைப் பார்த்து ‘நல்லா மூச்சை இழுங்க, இழுங்க’ என்று நாம் சொல்லும் அறிவுரை, பயனுள்ள பாதியைச் சொல்லாமலே விட்டுவிடுகிறது. தமிழ் இதைச் சரியாகவே பிடித்து வைத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றும். சுவாசிப்பதை நாம் ‘மூச்சு விடுதல்’ என்றுதான் சொல்கிறோம், வேலை முடிந்து உட்கார்ந்ததும் ‘அப்பாடா’ என்று மூச்சு விடுகிறோம், பெருமூச்சும் விடுவதுதான். பேச்சும் பாட்டும் வெளியேறும் மூச்சில்தான் நிகழ்கின்றன என்பதால், தொட்டிலை ஆட்டிக்கொண்டு ‘ஆராரோ’வை நீட்டி நீட்டிப் பாடுகிற தாய், தன்னை அறியாமல் தன் மூச்சையும் நீட்டிக்கொண்டிருக்கிறாள்.

[திரையில்: மெதுவாக ஆடும் ஊஞ்சல்.]

அப்படியானால் எவ்வளவு மெதுவாக? ஓய்வில் நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் எண் 6, அதாவது ஒரு மூச்சுக்கு 10 விநாடி. இதற்குப் பின்னால் இன்னொரு ஏற்பாடு இருக்கிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும், இரத்த அழுத்தத்தால் குழாய்ச் சுவர் விரிவதை உணரும் நரம்பு முனைகள் உள்ளன. அழுத்தம் கூடினால் அவை மூளைக்குச் சொல்ல, மூளை இதயத்தைத் தணிக்கிறது, குறைந்தால் விரைவுபடுத்துகிறது. செய்தி போய், பலன் அழுத்தத்தில் தெரிய ஏறத்தாழ 5 விநாடி ஆவதால், அழுத்தம் இயல்பாகவே 10 விநாடிக்கு ஒரு முறை மெல்ல அலைகிறது. ஊஞ்சல் பின்னால் வந்து நிற்கும் அந்தக் கணத்தில் தள்ளினால் சிறு விசையும் பெரிய ஆட்டத்தைத் தருமல்லவா? மூச்சும் 10 விநாடிக்கு ஒரு முறை வந்தால், இரண்டு அலைகளும் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து, நாடியின் ஏற்ற இறக்கம் பெரிதாகிறது. ஆளுக்கு ஆள் இந்த எண் சிறிது மாறும். உயரமானவர்களுக்குப் பெரும்பாலும் இன்னும் சற்று மெதுவாக அமையும்.

இத்தாலிய மருத்துவர் லூசியானோ பெர்னார்டியும் அவருடைய குழுவினரும் 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைவுக்கு வருகிறது. 23 பேரை, லத்தீன் மொழியில் ஜெபமாலையையும், ‘ஓம் மணி பத்மே ஹூம்’ என்ற மந்திரத்தையும் தனித்தனியே சொல்லச் செய்து அளந்தார்கள். எங்கெங்கோ தோன்றி வளர்ந்த இரண்டு வழிபாடுகளும், சொல்பவரின் மூச்சை நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 முறை என்ற அதே அளவுக்குக் கொண்டுவந்தன. அழுத்தத்தை உணர்ந்து இதயத்தைத் திருத்தும் அந்த ஏற்பாடும் கூர்மையானது. நம்பிக்கை எதுவாக இருந்தாலும் உடல் ஒரே விதமாகப் பதில் சொன்னது என்பது என்னை இன்றும் நெகிழ வைக்கிறது.

இந்த இடத்தில் ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். மெதுவாக மூச்சு விட்டால் நாடி 80இலிருந்து 50க்கு இறங்கிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். சராசரி வேகம் பெரிதாக மாறாமலே இருக்கலாம். மாறுவது அதன் ஏற்ற இறக்கம். இதயத்தை விருப்பப்படி நிறுத்த முடியும் என்று சொன்ன யோகிகள் உட்பட நால்வரை வெங்கர், பாக்சி, ஆனந்த் ஆகிய ஆய்வாளர்கள் கருவி வைத்துச் சோதித்து 1961இல் எழுதினார்கள். அந்த நால்வரில் மூவர் மூச்சை அடக்கி வயிற்றையும் மார்பையும் இறுக்கியபோது, நாடி விரலுக்குத் தட்டுப்படாமல் போனது உண்மை. ஆனால் இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் தடைப்பட்டதே காரணம், இதயம் நிற்கவில்லை. நான்காமவர் தம் இதயத்தை நன்றாகவே நிதானப்படுத்திக் காட்டினார். மூச்சின் எல்லையையும் வலிமையையும் ஒரே ஆய்வு காட்டியது.

[திரையில்: நுரையீரலின் படம், மூச்சுக்குழாய் தனி நிறத்தில்.]

‘ஆழமாக’ என்ற சொல்லும் பலரைத் தவறாக வழிநடத்துகிறது. சாதாரண மூச்சில் சுமார் 500 மில்லி லிட்டர் காற்று உள்ளே போகிறது. அதில் சுமார் 150, மூக்கிலும் மூச்சுக்குழாய்களிலும் தங்கி, இரத்தத்தைத் தொடாமலே திரும்பிவிடுகிறது. நிமிடத்துக்கு 12 முறை மூச்சு விடுபவருக்கு 4,200 மில்லி லிட்டர் பயன்படுகிறது என்றால், 6 முறை மட்டும் விடுபவர் அதே அளவைப் பெற ஒவ்வொரு முறையும் 850 இழுத்தால் போதும். இரு மடங்குகூடத் தேவையில்லை. மார்பு விம்ம முழு மூச்சாக, அதுவும் வேகமாக இழுத்து விட்டால், இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறிக் குறைந்து, மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்கி, தலை சுற்றும், விரல் நுனி மரத்துப்போகும். பதற்றத்தில் இருப்பவர் அதை ஏதோ பெரிய ஆபத்தின் அறிகுறி என்று எண்ணி மேலும் பதறுவார்.

மனம் அமைதியாவது எப்படி என்பது இதைவிடச் சிக்கலான கேள்வி. 2017இல் எலிகளில் நடந்த ஓர் ஆய்வு ஒரு வழியைக் காட்டியது. மூச்சின் தாளத்தை உருவாக்கும் மையத்தில் ஏறக்குறைய 175 நரம்பணுக்கள், விழிப்பையும் பரபரப்பையும் தூண்டும் ‘லோகஸ் செருலியஸ்’ என்ற பகுதிக்குச் செய்தி அனுப்புகின்றன. அவற்றை நீக்கியதும் எலிகள் மூச்சு விட்டுக்கொண்டே, வழக்கத்துக்கு மாறான அமைதியுடன் இருந்தன. மனிதரிடமும் இதே வழி இயங்கக்கூடும் என்று எண்ண இடமிருக்கிறது.

இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் இதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. நெஞ்சு வலி வந்தால் மூச்சுப் பயிற்சி செய்துகொண்டு காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆஸ்துமாவோ இதய நோயோ உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

[திரையில்: விரிந்து சுருங்கும் நீல வட்டம்.]

இப்போது நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு கையை வயிற்றின் மேல் வையுங்கள். வட்டம் விரியும் 4 விநாடிகளில் மூக்கின் வழியாக மூச்சை இழுங்கள். கையின் கீழ் வயிறு எழ வேண்டும், தோள்கள் எழ வேண்டாம். வட்டம் சுருங்கும் 6 விநாடிகளில் விடுங்கள். கடைசிச் சொட்டுவரை பிழிந்து வெளியேற்ற வேண்டியதில்லை, தானாகப் போகும் அளவுக்கு விட்டால் போதும். தலை சுற்றினால் வழக்கமான மூச்சுக்குத் திரும்பிவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் 30 மூச்சு ஆகும். அதுவரை நான் பேசப் போவதில்லை. வட்டம் மட்டும் திரையில் இருக்கும்.

[ஐந்து நிமிட மௌனம்.]