கைதுக் காரணம் தமிழில் வேண்டும்

(2025 நவம்பர் 26, அரசியலமைப்பு நாளன்று, கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கிற கொழிஞ்சாம்பாறையில் வாசகசாலை விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, வேறொரு நிகழ்ச்சியைப் பாதியில் விட்டுவிட்டு நமக்காக ஓடி வந்திருக்கிற பஞ்சாயத்துத் தலைவர் அவர்களே, சித்தூர் நீதிமன்றத்தில் எனக்குத் தொழில் கற்றுத் தந்த மூத்த வழக்கறிஞர்களே, வியாபாரிகள் சங்கத்துப் பொறுப்பாளர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கிற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, தாய்மார்களே, நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஐயாவைப் பற்றித் தனியாக இரண்டு வார்த்தை சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வராது. பிள்ளைகள் குறைந்துபோய்த் தமிழ் வகுப்பை எடுத்துவிடலாம் என்று பேச்சு வந்தபோது, வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி வந்து உட்காரவைத்தவர் அவர். இன்று இந்த மேடையில் நான் தமிழில் எழுதிக்கொண்டு வந்து பேசுகிறேன் என்றால் அதில் அவர் பங்கு உண்டு. அதேபோல, வாசகசாலையின் கூரை ஓடுகளை மாற்றித் தந்த பஞ்சாயத்துத் தலைவர் அவர்களுக்கும் நம் எல்லோர் சார்பிலும் நன்றி. போன மழைக்காலத்தில் இங்கே புத்தகங்களுக்குக் குடை பிடித்தது உங்களுக்கே தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கைது, சோதனை, பறிமுதல் ஆகிய மூன்றிலும் போலீஸுக்கு அரசியலமைப்பு போட்டிருக்கிற எல்லை எது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். மூன்றையும் பேச முயல்கிறேன்.

எங்கள் வீட்டில் அடிக்கடி சொல்லும் பழமொழி ஒன்று: வாயுள்ள பிள்ளை பிழைக்கும். எந்த மேடையிலும் இதை நான் விடுவதில்லை. அரசியலமைப்பின் 22-வது பிரிவைப் படிக்கும்போதெல்லாம் இதுதான் என் நினைவுக்கு வரும். என்னை ஏன் பிடித்தாய் என்று கேட்கலாம். எனக்குப் பிடித்த வக்கீலைக் கூப்பிடு என்று கேட்கலாம். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்து என்று கேட்கலாம். போலீஸ் மனமிரங்கித் தருகிற சலுகையாக இதை யாரும் நினைக்க வேண்டாம். இது அடிப்படை உரிமை.

இந்தப் பிரிவுக்காக முதலில் உச்ச நீதிமன்றப் படியேறியவர் யார்? பின்னாளில், 1971-ல், நம் பாலக்காட்டின் எம்.பி. ஆன ஏ.கே. கோபாலன். 1950-ல், அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த சில மாதங்களிலேயே, சென்னை ராஜ்யத்துச் சிறையில் இருந்தபடி வழக்குப் போட்டார். வழக்கில் அவர் தோற்றார், விடுதலை கிடைக்கவில்லை. ஆனால், விசாரணை இல்லாமலே ஒருவரை அடைத்துவைக்க வழிசெய்த தடுப்புக் காவல் சட்டத்தின் 14-வது பிரிவை மட்டும் நீதிபதிகள் வெட்டி எறிந்தார்கள். அடைக்கப்பட்டவர், தன்னை எதற்கு அடைத்தார்கள் என்ற காரணத்தைக் கோர்ட்டில்கூட வெளியிடக் கூடாது என்று வாயைக் கட்டிய பிரிவு அது. தோற்ற வழக்கிலும் அவர் நமக்கு வாங்கித் தந்தது அந்த வாய்தான்.

அப்புறம் வந்தவை பல. 1994-ல் ஜோகிந்தர் குமார் என்ற இளம் வக்கீலை காசியாபாத் போலீஸ் கூப்பிட்டு வைத்துக்கொண்ட வழக்கில், கைது செய்ய அதிகாரம் இருப்பது வேறு, கைது செய்ய அவசியம் இருப்பது வேறு என்றது உச்ச நீதிமன்றம். 1986-ல் மேற்கு வங்காளத்திலிருந்து டி.கே. பாசு, லாக்கப் சாவுச் செய்திகளை இணைத்து அனுப்பிய கடிதம் வழக்காகி, 1996 டிசம்பரில் பதினோரு கட்டளைகளாக வந்தது. கைது செய்கிறவர் பெயர்ப்பட்டை அணிய வேண்டும், கைதுக் குறிப்பில் வீட்டார் ஒருவரோ ஊரில் மரியாதைப்பட்ட ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பதெல்லாம் அதிலிருந்து வந்தவை. 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கு: ஏழு வருடம் வரை தண்டனை உள்ள குற்றம் என்றால் எடுத்த எடுப்பில் கைது கூடாது, ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் கொடுத்தாலே போதுமா என்று முதலில் பார். இதற்கெல்லாம் தலா ஒரு கூட்டம் வேண்டும்.

இப்போது, வக்கீலாக நான் வாதாடிய ஒருவரின் கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், ஸ்டேஷன் பெயரும் வேண்டாம். சில வருடங்களுக்கு முந்தைய சங்கதி. வேலந்தாவளம் பக்கம் இளநீர் லோடு ஏற்றுகிறவர். ஒரு தோட்டத்தில் போர்வெல் மோட்டாரின் செப்பு ஒயரை யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். விடிவதற்குள் இவர் வீட்டு வாசலில் ஜீப் நிற்கிறது. வந்தவர்களுக்கு இவர் மனைவி கட்டன் சாயா போட்டுக் கொடுத்திருக்கிறார், டம்ளர் போதாமல் பக்கத்து வீட்டில் இரண்டு வாங்கி! அரிசிச் சாக்கு, கோழிக்கூடு, பிள்ளையின் ஸ்கூல் பை எல்லாம் பார்த்தார்கள். சொந்தக் கிணற்று மோட்டாருக்கு வாங்கியதில் மிஞ்சிய ஒயர்த் துண்டு ஒன்று கிடைத்தது. ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய் பெஞ்சில் உட்காரவைத்து, ஸ்டேஷன் எழுத்தரான ரைட்டர் நாலு பக்கம் மலையாளத்தில் எழுதி நீட்டினார். இவர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அவர் மலையாளம் பேசினால் திருச்சூர்க்காரர் என்றே நினைப்பீர்கள். லாரிக்காரர்களோடு பேரம் பேசிப் பேசி வந்த மலையாளம். படித்ததோ எருத்தேம்பதிப் பக்கம் தமிழில், அதுவும் ஐந்தாவது வரை. இவ்வளவு நன்றாகப் பேசுகிறவனுக்குப் படிக்கத் தெரியாதா என்று வெளியூர் போலீஸுக்குச் சந்தேகம். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் அப்படித்தான் என்று உங்களுக்கே தெரியும்.

மறுநாள் கோர்ட். கைதுக்கான காரணம் விளக்கப்பட்டது, எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், புரிந்துகொண்டார் என்று தாளில் இருக்கிறது. கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளித்துவைத்த ஒயரை அவரே எடுத்துக் கொடுத்தார் என்றும் இருக்கிறது. நான் எழுந்து, “கையெழுத்தை மட்டும் பாருங்கள்” என்றேன். மலையாளத்துக்கு அடியில் இனிஷியலோடு தமிழ்க் கையெழுத்து. மாஜிஸ்திரேட் தாளை அவர் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னார். இவர் தாளை மேலும் கீழும் பார்த்தார். “சாரே, பஸ் போர்டு மட்டும் தெரியுமுங்க. அதுவும் பாலக்காடு, கொழிஞ்சாம்பாறை ரெண்டுதானுங்க” என்றார். கோர்ட்டே சிரித்தது. மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. வரிவரியாக வாசித்துக் காட்டச் சொன்னார். கோழிக்கூடு வந்ததுதான் தாமதம், “அய்யோ, அது என் ஒயருங்க, கடைப் பில் இருக்குதுங்க!” என்று கத்திவிட்டார் மனிதர். அன்றே ஜாமீன். ரேஷன் கார்டு உறைக்குள் மடித்து வைத்திருந்த பில்லை அவர் மனைவி எனக்குக் கொண்டுவந்து கொடுத்தார். கடை முத்திரை, தேதி, மீட்டர் கணக்கு எல்லாம் அதில் இருந்தது.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்கிறோம். இவருக்கு வாய் இருந்தது. தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் அந்த வாய் திறந்தது. முந்தின நாள் ஸ்டேஷனிலேயே தெரிந்திருந்தால்?

இதை உச்ச நீதிமன்றம் 1962-லேயே சொல்லிவிட்டது. ஹரிகிசன் என்பவரைத் தடுப்புக் காவலில் வைத்து, காரணங்களை ஆங்கிலத்தில் கொடுத்தார்கள். இந்தியில் கொடுங்கள் என்று அவர் கேட்டார். ஆட்சிமொழி ஆங்கிலம், அதுவும் வாயால் இந்தியில் விளக்கியாயிற்று என்று பதில் வந்தது. அது செல்லாது, அவருக்குப் புரிகிற மொழியில், அவர் படிக்கக்கூடிய எழுத்தில் தர வேண்டும் என்றது அரசியலமைப்பு அமர்வு. சாதாரணக் கைதுக்கும் அந்த நியாயம் இப்போது வந்துவிட்டது. 2025 பிப்ரவரியில் விஹான் குமார் வழக்கில், கைதானவருக்குப் புரியும் மொழியில் காரணத்தைச் சொல்ல வேண்டும், சொன்னோம் என்று நிரூபிப்பது போலீஸின் பொறுப்பு என்றார்கள். 2025 நவம்பர் 6-ம் தேதி மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில் இன்னும் தெளிவாக வந்திருக்கிறது: எந்தக் குற்றமானாலும் எழுத்தில், அவருக்குப் புரியும் மொழியில். உடனே முடியாவிட்டால் வாயால் சொல்லலாம். ஆனால் ரிமாண்டுக்கு, அதாவது காவலில் வைக்க உத்தரவு கேட்டு மாஜிஸ்திரேட் முன்னால், நிறுத்துவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாவது எழுத்தில் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கைதும் ரிமாண்டும் சட்டவிரோதம்.

அப்படியானால் சித்தூர் தாலுகாவில், தேவிகுளத்தில், பீர்மேட்டில், தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவருக்குத் தமிழில் அச்சடித்த படிவம் ஸ்டேஷனில் இருக்க வேண்டுமா இல்லையா? தமிழ், கன்னட மொழிச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசுக்கு எழுதலாம், அந்த மொழியிலேயே பதில் வரும் என்று 1969-ம் வருட ஆட்சிமொழிச் சட்டத்திலேயே கேரளம் ஏற்றுக்கொண்டது. கடிதத்துக்குத் தமிழில் பதில் தரலாம் என்றால், ஒருவரைச் சிறைக்கு அனுப்புகிற தாளைத் தமிழில் தருவதில் என்ன தடை? நமக்கு மட்டும் நாம் கேட்கவில்லை. செங்கல் சூளையில் வேலை செய்கிற வங்காளத்துத் தம்பிக்கும் ஒடிசாத் தம்பிக்கும் இதே நியாயம்தான்.

சோதனையைப் பற்றி. வீட்டுக்குள் போலீஸ் நுழைந்தால், வாரண்ட் இல்லாமல் வருவதானாலும், எதைத் தேடுகிறோம், ஏன் உடனே தேட வேண்டும் என்று எழுதி வைக்க வேண்டும். 48 மணி நேரத்துக்குள் அதன் நகல் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். அந்த வட்டாரத்து நடுநிலையான சாட்சிகள் இரண்டு பேராவது வேண்டும். வீட்டுக்காரர் கூடவே இருக்கலாம், எடுத்த பொருள்களின் பட்டியல் நகல் அவருக்குத் தரப்பட வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 105-வது பிரிவின்படி சோதனையை வீடியோவில் பதிய வேண்டும். செக்போஸ்ட் பக்கம் இருக்கிற நமக்கு இன்னொன்று: கஞ்சா வழக்கில் உடம்பைச் சோதிக்கும் முன், கெஜட்டட் அதிகாரி (அரசிதழில் பெயர் வெளியாகும் உயர் அதிகாரி) அல்லது மாஜிஸ்திரேட் முன்னால் சோதிக்கச் சொல்லிக் கேட்க உரிமை உண்டு என்று போலீஸே சொல்லியாக வேண்டும். பையைச் சோதிக்க இது பொருந்தாது. சொல்லியாக வேண்டும் என்றால், எந்த மொழியில்? மறுபடி அங்கேதான் வந்து நிற்கிறேன்.

பறிமுதலையும், குறிப்பாக போனை எடுத்துக்கொண்டு பாஸ்வேர்டு கேட்கிற விவகாரத்தையும் பேசுவதாக இருந்தேன். 2017-ல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமை என்றார்களே, அதிலிருந்து தொடங்க வேண்டும். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், எனக்கு அடுத்துப் பேசுகிறவர்களும் காத்திருக்கிறார்கள். மூத்தவர்கள் மன்னிக்க வேண்டும்.

வாசலில் சாயா மேசைக்குப் பக்கத்தில் ஒரு மனு இருக்கிறது. ஸ்டேஷன்களில் தமிழ்க் கைதுப் படிவம், பறிமுதல் விவரம் எழுதுகிற மகஜரின் தமிழ் நகல், இவ்வளவுதான் அதில் கேட்டிருக்கிறோம். தமிழிலும் மலையாளத்திலும் எழுதியிருக்கிறது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும், அதனால் வாசிக்கத் தெரியாதவர்கள் அங்கே இருக்கிற தம்பியிடம் கேட்டு, முழுவதும் வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். அடுத்த வாரம் அது திருவனந்தபுரம் போகிறது. வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.