பழைய டிரில்லிங் மெஷினும் பெஞ்ச் கிரைண்டரும்: வாங்குவதும் மீட்பதும்

நேயர்களுக்கு வணக்கம்.

கோயம்புத்தூரைச் சுற்றியுள்ள பம்ப்செட் பட்டறைகளிலும் உதிரிபாகத் தொழிற்கூடங்களிலும் கணினியால் இயங்கும் இயந்திரங்கள் இடம்பிடித்ததிலிருந்து, அங்கே முப்பது நாற்பது ஆண்டுகள் உழைத்த டிரில்லிங் மெஷின்களும் பெஞ்ச் கிரைண்டர்களும் பழைய இரும்புக் கடைகளுக்கு வந்துகொண்டே இருக்கின்றன. கடைக்காரர் அவற்றை எடை போட்டு வாங்குகிறார். கேட்டு யாரும் வராவிட்டால் எடை போட்டே உருக்காலைக்கு அனுப்பிவிடுகிறார். இந்த இரண்டு எடைகளுக்கும் நடுவே கிடைக்கிற சில வாரங்களில்தான், விவரம் தெரிந்த ஒருவர் அந்தக் குவியலிலிருந்து ஒரு நல்ல இயந்திரத்தைப் பொறுக்கி எடுத்து மீண்டும் வேலைக்குக் கொண்டுவர முடியும். தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் பிரிவு மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவன் என்ற முறையிலும், ஓய்வுக்குப் பிறகு இப்படிப்பட்ட இயந்திரங்களைப் பிரித்து மீட்டு வருபவன் என்ற முறையிலும், அதை எப்படிச் செய்வது என்பதை இன்று சொல்ல விரும்புகிறேன்.

1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கி, மலிவான மின்சாரம் இந்த வட்டாரத்து ஆலைகளுக்கு வந்த பிறகு, அந்த ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்யும் பட்டறைகள் தெருவுக்குத் தெரு எழுந்தன. அவற்றுக்கு இங்கிலாந்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்த மெஷின்களும் உண்டு. பின்னர் உள்ளூர் வார்ப்பாலைகளிலேயே வார்த்துக் கடைந்தவையும் உண்டு. எதை வாங்கினாலும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: டிரில்லிங் மெஷின் என்பது அதன் ஸ்பிண்டில், அதாவது டிரில்லைச் சுழற்றும் தண்டு. தூணும் மேசையும் மோட்டாரும் பெல்ட்டும் அந்த ஸ்பிண்டிலை ஆடாமல் தாங்கிச் சுழற்றுவதற்காகவே இருக்கின்றன. மோட்டார் எரிந்திருந்தால் மாற்றிவிடலாம், பெல்ட்டைக் கடையில் வாங்கிவிடலாம், மேசையில் குழி விழுந்திருந்தால் அதோடு வாழலாம். ஸ்பிண்டில் வளைந்திருந்தால் அந்த மெஷின் இரும்பு விலைக்கு மேல் பெறாது.

இதை நான் அனுபவப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். முதன்முதலாக வாங்கிய பெஞ்ச் டிரில்லிங் மெஷினை இரண்டு மாதம் சுரண்டி, தேய்த்து, பச்சை பெயின்ட் அடித்து நிறுத்திய பிறகுதான், நுண்ணிய ஆட்டத்தையும் முள்ளால் காட்டும் டயல் கேஜை வைத்துப் பார்த்தேன். முள் 0.4 மில்லிமீட்டர் ஆடியது. பேரிங்கை மாற்றியும் ஆட்டம் குறையவில்லை. எப்போதோ யாரோ பெரிய டிரில் மாட்டிக்கொண்டு நின்றபோது வலுவாக இழுத்திருக்க வேண்டும், தண்டே வளைந்திருந்தது. அன்றிலிருந்து டயல் கேஜையும் காந்தத் தாங்கியையும் பையில் போட்டுக்கொள்ளாமல் நான் எந்தக் கடைக்கும் போவதில்லை.

கடையில் நின்றுகொண்டே செய்யக்கூடிய சோதனை இது. டிரில்லைப் பிடிக்கும் சக்கில் ஒரு கம்பியை மாட்டி அளந்தால், ஆட்டம் சக்கிலிருந்து வருகிறதா ஸ்பிண்டிலிலிருந்து வருகிறதா என்று தெரியாது. ஆகவே சக்கைக் கழற்றிவிட்டு, ஸ்பிண்டிலின் உள்ளே இருக்கும் கூம்புத் துளையைத் துணியால் நன்றாகத் துடைத்து, டயல் கேஜின் முனையை அந்தக் கூம்பின் உட்சுவரிலேயே வைத்து, புல்லியைக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். முள் 0.05 மில்லிமீட்டருக்குள் நின்றால் தயங்காமல் வாங்கலாம் என்பது என் கணக்கு. அதற்கு மேல் போனால், ஸ்பிண்டிலைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். கைக்கு ஆட்டம் தட்டுப்பட்டால் குற்றம் பெரும்பாலும் பேரிங்கில், அது மாற்றக்கூடியது. கைக்கு எந்த ஆட்டமும் தெரியாமல், ஒவ்வொரு சுற்றுக்கும் முள் மட்டும் ஒரே அளவில் போய்த் திரும்பினால் தண்டு வளைந்திருக்கிறது என்று கொள்ளலாம். பிறகு கைப்பிடியை இழுத்து, ஸ்பிண்டிலைச் சுமந்து இறங்கும் குவில் என்ற உருளையை முழு ஆழத்துக்கு இறக்கி, அது தன் துளைக்குள் பக்கவாட்டில் ஆடுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பல மெஷின்களில் தலைப்பகுதியின் வார்ப்பில் ஒரு பிளவு விட்டு, அதை போல்ட்டால் இறுக்கும் ஏற்பாடு உண்டு; அப்படி இருந்தால் ஓரளவு தேய்மானத்தைச் சரிசெய்துவிடலாம்.

வார்ப்பிரும்பில் விரிசலைத் தேடும் இடம் ஒன்று உண்டு. மேசையைத் தூணோடு இறுக்கும் காதுதான் பெரும்பாலும் உடையும், ஏனென்றால் துருப்பிடித்த தூணில் மேசை நிற்காதபோது ஆட்கள் குழாயை மாட்டி போல்ட்டை முறுக்கிவிடுகிறார்கள். அந்த இடத்தில் மஞ்சள் நிறத்தில் பித்தளைப் பற்று தெரிந்தால் பயப்பட வேண்டாம். நன்றாகச் செய்த பற்று பல ஆண்டுகள் தாங்கும். சாதாரண வெல்டிங் ராடால் ஒட்டியிருந்தால் மட்டும் அதன் இருபுறமும் மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டுப் பாருங்கள். விரிசல் தொடர்ந்திருந்தால் அதற்குள் போன எண்ணெய் சற்று நேரத்தில் மெல்லிய கோடாகக் கசிந்து வெளியே தெரியும்.

மோட்டாரின் தகட்டையும் படித்துவிடுங்கள். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் டிரில்லிங் மெஷினுக்குரிய மோட்டார் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1440 சுற்று சுற்றுவது. ஒரு தச்சர் தாம் வாங்கிய மெஷினில் எந்த டிரில்லைப் போட்டாலும் முனை நீலம் பாய்ந்து எரிந்துபோகிறது என்று என்னிடம் கொண்டுவந்தார். டிரில்லில் குறை இல்லை. முன்பு வைத்திருந்தவர் மோட்டார் எரிந்தபோது கைக்குக் கிடைத்த 2880 சுற்று மோட்டாரை மாட்டிவிட்டிருந்தார். அதனால், பெல்ட்டை மாற்றிப் போட்டு வேகத்தை மாற்றும் படிப்புல்லியின் எல்லா வேகங்களும் இரண்டு மடங்காகிவிட்டன. மைல்ட் ஸ்டீலில் 10 மில்லிமீட்டர் டிரில் நிமிடத்துக்குச் சுமார் 800 சுற்றில் ஓட வேண்டும். அந்த மெஷினில் மிகக் குறைந்த வேகமே 1000-க்கு மேல் இருந்தது. சரியான மோட்டாரை மாட்டியதோடு நோய் தீர்ந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு கோணத்திலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குவிலை மேலே இழுக்கும் சுருள்வில் பக்கவாட்டில் ஒரு வட்ட மூடிக்குள் இருக்கிறது. அதில் எப்போதும் முறுக்கு ஏறியிருக்கும். மூடியை இறுகப் பிடித்துக்கொண்டு, திருகைத் தளர்த்தி, முறுக்கைச் சிறிது சிறிதாக விட்ட பிறகே அதைக் கழற்ற வேண்டும். என்னிடம் பயின்ற மாணவர் ஒருவரின் விரலை அது பிளந்திருக்கிறது. கூம்பில் மாட்டியிருக்கும் சக்கை, ஸ்பிண்டிலில் உள்ள நீள்துளையில் டிரிஃப்ட் என்னும் ஆப்பைச் செருகித் தட்டி இறக்குவதுதான் முறை; தண்டின் நுனியில் சுத்தியலால் அடிக்கக் கூடாது. இந்தக் கூம்பின் அளவுகள் 1860-களில் அமெரிக்காவில் ஸ்டீபன் மோர்ஸ் வகுத்தவை. மூன்று தாடைகளை ஒரு சாவியால் ஒன்றாக இறுக்கும் சக்குக்கு ஆர்தர் ஜேக்கப்ஸ் 1902-இல் காப்புரிமை பெற்றார். அவர்களுடைய அளவுகள் இன்றும் மாறாமல் இருப்பதால்தான், செய்த கம்பெனியின் பெயரே தெரியாத ஒரு மெஷினுக்கும் இன்று கடையில் சக்கும் ஸ்லீவும் கிடைக்கின்றன. எனக்கு இது எப்போதும் பெருமதிப்பைத் தரும் செய்தி. பேரிங்குகளும் அப்படியே. 6203, 6204 போன்ற எண்கள் பேரிங்கின் ஓரத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பழைய ஆங்கிலேய மெஷின்கள் சிலவற்றில் மட்டும் அங்குல அளவுப் பேரிங் இருக்கும். அதை விசாரித்துத் தேட வேண்டும். புதுப் பேரிங்கைத் தண்டில் ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டும் அழுத்துங்கள். வெளிவளையத்தில் அடித்தால் அந்த அடி குண்டுகள் வழியாகப் போய் ஓடுபாதையில் தழும்பு விழுந்துவிடும். புதுப் பேரிங் முதல் நாளே சத்தம் போடும்.

துருவை எடுப்பதற்கு நான் பெரிதும் நம்புவது மின்பகுப்பு முறை. ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி அளவில் சலவைச் சோடாவைக் கரைத்து, துருப்பிடித்த பாகத்தை 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையிலும், ஒரு பழைய இரும்புத் தகட்டை நேர்முனையிலும் இணைத்து, இரண்டும் ஒன்றையொன்று தொடாதபடி தொங்கவிட்டால், ஓர் இரவில் துரு கறுப்புச் சேறாக உதிர்ந்துவிடும். நல்ல இரும்பு கரைவதில்லை. இதில் ஹைட்ரஜன் வாயு வருவதால் திறந்த வெளியில், நெருப்பில்லாத இடத்தில் செய்ய வேண்டும். நேர்முனையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை ஒருபோதும் வைக்காதீர்கள். அதிலுள்ள குரோமியம் நச்சாகத் தண்ணீரில் கலக்கும். அலுமினியப் புல்லியை இந்தத் தொட்டியில் போட்டால் அது அரித்துப் போகும். வெளியே எடுத்த பாகத்தை உடனே கழுவி, காயவைத்து, எண்ணெய் தடவிவிடுங்கள். தாமதித்தால் கண்முன்னே மறுபடியும் துரு பூக்கும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், அதை உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்க்காமல் நனைத்துச் சுரண்ட வேண்டும். குவிலையும் தூணையும் மேசையின் மேற்பரப்பையும் எண்ணெயும் பிளேடும் கொண்டு மென்மையாகச் சுத்தம் செய்தாலே போதும். அங்கெல்லாம் கிரைண்டிங் செய்து அளவைக் குறைத்துவிடுவது மீட்பு ஆகாது.

இனி பெஞ்ச் கிரைண்டர். இரண்டு பக்கமும் தண்டு நீண்ட ஒரு மோட்டார்தான் அது. ஆகவே சோதனையும் சுருக்கம். கல்லைக் கழற்றிவிட்டு ஓடவிட்டு நிறுத்துங்கள். நல்ல பேரிங் உள்ள கிரைண்டர் முனகலின்றி நெடுநேரம் சுழன்று நிற்கும். சொரசொரவென்று சத்தமிட்டுச் சட்டென நின்றால் பேரிங் மாற்ற வேண்டியிருக்கும். நட்டைக் கழற்றும்போது இடப்பக்க நட்டுக்கு இடமரை, அதாவது வலப்புறமாகச் சுற்றினால் கழலும் மரை, இருப்பதை நினைவில் வையுங்கள். ஓட்டத்தில் அது தானாகத் தளராமல் இருப்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். தெரியாமல் முறுக்கித் தண்டின் மரையை அழித்த கிரைண்டர்கள் பழைய இரும்புக் கடையில் ஏராளம்.

அதோடு வருகிற பழைய கல்லை நான் பயன்படுத்துவதில்லை. அது எத்தனை முறை கீழே விழுந்தது, எத்தனை மழைக்காலம் ஈரத்தில் கிடந்தது என்பதற்கு யாரும் சாட்சி சொல்ல முடியாது. 200 மில்லிமீட்டர் கல் 2880 சுற்றில் ஓடும்போது அதன் விளிம்பு நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் கல் உடைந்தால் எதிரே நிற்பவருக்கு விலக நேரம் இருக்காது. புதுக் கல்லையும் தட்டிப் பார்த்தே மாட்ட வேண்டும். உலர்ந்த கல்லை ஒரு விரலிலோ கம்பியிலோ தொங்கவிட்டு, ஸ்குரூ டிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் மெல்லத் தட்டினால் மணிபோல் ஒலிக்கும். மழுங்கிய ஒலி வந்தால் உள்ளே விரிசல் இருக்கிறது, அதை உடைத்தே எறிந்துவிடுங்கள். கல்லில் எழுதியிருக்கும் உச்ச வேகம் மோட்டாரின் வேகத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். கல்லை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் தட்டுகள் ஒரே அளவில், கல்லின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இருக்க வேண்டும். தட்டுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள காகித வில்லையை எடுத்துவிடக் கூடாது. பொருளைத் தாங்கும் ரெஸ்டுக்கும் கல்லுக்கும் இடைவெளி 3 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. மேல்மூடியின் நாக்குக்கும் கல்லுக்கும் இடையே 6 மில்லிமீட்டர். பழைய கிரைண்டர்கள் பெரும்பாலும் மூடியைத் தொலைத்துவிட்டே விற்பனைக்கு வருகின்றன. கனமான தகட்டில் முறையாக மூடி செய்து தரக்கூடிய ஆள் இல்லையென்றால் அந்தக் கிரைண்டரை வாங்காதீர்கள். மெல்லிய தகரத்தை வளைத்து மாட்டுவது மூடியே ஆகாது. கல்லை மாட்டியதும் பக்கவாட்டில் விலகி நின்று, ஒரு நிமிடம் வெறுமனே ஓடவிட்டு, பிறகு டிரெஸ்ஸர் என்ற, கல்லைச் செதுக்கும் கருவியால் அதன் முகத்தைச் சீராக்குங்கள்.

இரண்டு இயந்திரங்களும் தயாரான அன்று நான் செய்யும் சோதனை ஒன்று உண்டு. மழுங்கிய 10 மில்லிமீட்டர் டிரில் ஒன்றை எடுத்து, மீட்ட கிரைண்டரில் முனைக்கோணம் 118 பாகை வரும்படி தீட்டி, மீட்ட டிரில்லிங் மெஷினில் மாட்டி, 800 சுற்றுக்கு நெருக்கமான படியில் பெல்ட்டைப் போட்டு, ஒரு மைல்ட் ஸ்டீல் துண்டை வைஸில் இறுக்கித் துளையிடுவேன். டிரில்லின் இரண்டு வெட்டுமுனைகளிலிருந்தும் ஒரே தடிமனில் இரண்டு சுருள்கள் ஏறி வந்தால் வேலை முடிந்தது. ஒரு பக்கம் மட்டும் சுருள் வந்தால் மெஷினைத் திரும்பப் பிரிக்க அவசரப்படாமல், டிரில்லை மறுபடியும் தீட்டிப் பார்ப்பேன். பெரும்பாலும் இரண்டு முனைகளில் ஒன்றை நீளமாகத் தீட்டியிருப்பேன்.